மலைச் சரிவுக்கும் ஓர் எல்லைக்கோடு

கொச்சியிலிருந்து புறப்பட்டு, மூணாறு வரை ஏறி, போடிமெட்டில் தமிழகத்துக்குள் நுழைந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, போடிநாயக்கனூர், தேனி, மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டியில் கிழக்குக் கடலைத் தொடுகின்ற தேசிய நெடுஞ்சாலையை, முன்னாளில் அது தனுஷ்கோடி வரை சென்ற வழக்கத்தையொட்டிக் கொச்சி–தனுஷ்கோடிச் சாலை என்றே நம் ஜனங்கள் இன்னும் சொல்லி வருகிறார்கள். அதன் இரு முனைகளிலும் சமுத்திரம் இருக்கிறது. நடுவில் ஏலமலை நிற்கிறது. கடலைக் காண்பதற்கே நெடும் பிரயாணம் செய்யவேண்டிய போடிவாசிகளுக்குக் கடற்கரை உல்லாச விடுதிகளின் விவகாரத்தில் என்ன சிரத்தை இருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு, அந்தச் சாலையின் மேற்கு முனைக்குச் சற்றுத் தெற்கே, வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து என்னும் தீவில் நடந்த காரியத்தை எடுத்துரைப்பது பொருத்தமாயிருக்கும்.

ஆலப்புழை மாவட்டம் பாணாவள்ளிப் பஞ்சாயத்துக்கு உட்பட்ட அந்தத் தீவில், ஏறத்தாழ 200 கோடி ரூபாய்ச் செலவில் ஐம்பத்து நான்கு வில்லாக்கள் கொண்ட விடுதி ஒன்று எழுந்தது. காப்பிக்கோ என்பது அதன் பெயர். காயலைப் பார்த்த முன்றில்களும் விருந்தினர் படகில் வந்து இறங்கும் துறையுமாகச் சகல போகங்களும் அங்கே சித்தமாயிருந்தன. ஆனால் அந்த நீர்ப்பரப்பு அதற்கு முன்னரே வேறு சிலருடைய ஜீவனமாக இருந்தது. காயலில் கழி நட்டு வலை கட்டிப் பரம்பரையாகப் பிழைத்து வந்த மீனவர்கள், தங்கள் தொழில் பாழாவதைக் கண்டு நியாயஸ்தலத்தின் கதவைத் தட்டினார்கள். 2013-இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தக் கட்டடங்களை அகற்றும்படி தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கு அடுத்த இரண்டு தினங்களில், கொச்சியை அடுத்த மரடு என்னுமிடத்தில் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறி எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தேசம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. நெடியதுருத்தில் இடிப்பு வேலை 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஒரு விருந்தாளிகூட நிம்மதியாக ஒரு பருவம் தங்கியிராத வீடுகள், ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லும் கம்பியுமாயின.

அத்தனை பெரிய முதலீட்டை, அத்தனை சாமர்த்தியமான வக்கீல்களின் வாதங்களுக்குப் பிறகும், வலைகட்டிப் பிழைக்கும் எளிய மனிதர்களின் பிராது எங்ஙனம் வென்றது? நீதிபதிகளின் நேர்மை ஒரு காரணம். ஆனால் நீதிபதிகள் பற்றிக்கொள்வதற்குச் சட்டத்தில் ஒரு கோடு இருந்தது என்பதே பிரதான காரணம் என்பது என் அபிப்பிராயம். 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதி, அலை ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் கட்டடங்களின்றிக் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டார். அந்த எண்ணமே 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக உருவெடுத்தது. பிற்பாடு எத்தனையோ திருத்தங்களால் அந்தக் கோடு பலவிடங்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2019-ஆம் வருஷத்து அறிவிக்கை, ஜனநெருக்கம் மிகுந்த கிராமக் கரைகளில் கட்டடம் கூடாத அகலத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. அதைக் கண்டு நான் வேதனைப்படுகிறேன். எனினும், குறைந்த கோடாயினும் கோடு என்று ஒன்று கரைக்கு இருக்கிறது. நமது மலைச் சரிவுக்கோ அங்ஙனம் ஊரறியக் கிழித்துவைத்த கோடு ஏதும் இல்லை.

கரையும் மலையும் வெவ்வேறு உலகங்கள் என்று கருதுவது பிசகு. ஏலமலையின் தென்பாகத்தில், கட்டப்பனைப் பக்கம் பெய்யும் மழை பெரியாற்றில் சேர்ந்து இடுக்கி அணையில் தேங்குகிறது. அங்கிருந்து சுரங்கவழியே மூலமற்றம் மின்நிலையத்துக்கு இறங்கி, விசைப்பொறிகளைச் சுழற்றிவிட்டு, தொடுபுழையாற்றின் வழியாக மூவாற்றுப்புழையில் கலந்து, வைக்கம் பக்கத்தில் அதே வேம்பநாட்டுக் காயலை அடைகிறது. மலையின் கிழக்கு முகத்திலோ, குரங்கணிக்கு மேலேயுள்ள சோலைகளில் ஊறும் நீர் கொட்டகுடி ஆறாகப் போடியைத் தழுவி ஓடி, தேனிப் பக்கத்தில் வைகையின் நீரோடு ஒன்றாகி, வைகை அணை, மதுரை, பரமக்குடி கடந்து இராமநாதபுரம் பெரிய கண்மாயை நாடுகிறது. மிஞ்சினால் ஆற்றங்கரை கிராமத்தருகே பாக் நீரிணையை எட்டுகிறது. ஏலமலையின் ஒரு முகட்டில் நின்று பார்த்தால், ஒரே மேகத்தின் மழை இரண்டு கடல்களுக்குப் பங்காகிறது. அந்த முகட்டிலும் அதன் சரிவுகளிலும்தான் சமீப காலத்தில் வில்லாக்கள் முளைக்கின்றன.

போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லி, சின்னக்கானல் என்று அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. எங்கே மேகம் தவழ்கிறதோ அங்கே ஒரு கண்ணாடிச் சுவர். எங்கே பள்ளத்தாக்கு ஆழமாகத் திறக்கிறதோ அங்கே அதன் விளிம்பில் ஒரு நீச்சல் குளம். மூணாறிலிருந்து போடிமெட்டு வரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர் சாலை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்ட பின்னர், வாகனப் போக்குவரத்தும் அதைப் பின்தொடர்ந்து கட்டட ஆசையும் பெருகியிருக்கின்றன. அந்தச் சாலையை அகலப்படுத்தும்போதே மலை தன் எச்சரிக்கையைத் தெரிவித்தது. மூணாறுக்கும் பூப்பாறைக்கும் நடுவேயுள்ள கேப் ரோடு என்னும் பகுதியில், பாறையைத் தகர்த்த இடங்களில் 2019-லும் 2020-லும் பெரும் சரிவுகள் அடுத்தடுத்து விழுந்து, போக்குவரத்தை மாதக்கணக்கில் நிறுத்தியதோடு கீழேயிருந்த விளைநிலங்களையும் புதைத்தன. ராஜபாட்டைக்கே அந்தக் கதியென்றால், முறையான மண் பரிசோதனைகூட இல்லாமல் ஜேசிபி இயந்திரத்தைக் கொண்டு வெட்டிய படியின்மேல் நிற்கும் உல்லாச வீட்டின் ஆயுளை யார் உறுதி கூற முடியும்?

சரிவில் வீடு கட்டுவது என்பது என்ன என்பதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். சோலைக் காட்டில் பெய்யும் மழையை முதலில் இலைகள் தாங்குகின்றன. பின்பு தரையில் மெத்தையாகக் கிடக்கும் சருகு தாங்குகிறது. அதன் கீழே வேர்களின் வலை மண்ணைக் கட்டிப்பிடித்திருக்க, நீர் அவசரமின்றிக் கசிந்து, பாறையின் வெடிப்புகளில் இறங்கி, தை மாசி வரையிலும் ஓடைகளில் துளித்துளியாக வெளிப்படுகிறது. கொட்டகுடி ஆறு கோடையிலும் உயிர் வைத்திருப்பது இந்தச் சேமிப்பினால்தான். அதே சரிவில் ஒரு மனையை வெட்டும்போது, மேலேயுள்ள மண் தன் அடித் தாங்கலை இழக்கிறது; வெட்டி எடுத்த மண்ணைக் கீழ்ப்புறம் தள்ளுவதால் அங்கே பாரம் ஏறுகிறது; கூரையிலும் நடைபாதையிலும் விழும் மழை பரவி இறங்காமல் ஒரே வாய்க்காலாகத் திரண்டு ஓடி அரிக்கிறது. நீச்சல் குளத்தின் பாரமும், கழிவுநீர்த் தொட்டியின் கசிவும் அதனோடு சேர்கின்றன. ஒரு வீடு மட்டுமாயின் மலை பொறுத்துக்கொள்ளும். வரிசை வரிசையாக வீடுகள் வந்து, ஆடி மாதத்து மழையும் விடாமல் நான்கு நாள் பெய்தால் என்ன ஆகும் என்பதை 2018-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் இடுக்கி மாவட்டம் முழுவதற்கும் காட்டிக்கொடுத்தது.

அதற்கு முன்பும் மலை காட்டிக்கொடுத்ததுண்டு. வெள்ளைக்காரத் தேயிலைக் கம்பெனியார் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு ரயில்பாதை அமைத்து, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்கி, அங்கிருந்து போடிக்கு அனுப்பி வந்தார்கள். 1924-ஆம் வருஷத்து வெள்ளம் அந்த ரயில்பாதையை அடியோடு துடைத்துவிட்டது. மீண்டும் அதை நிர்மாணிக்க அவர்கள் துணியவில்லை. பணமும் இஞ்சினியர்களும் அதிகாரமும் ஒருங்கே பெற்றிருந்த அந்தக் கம்பெனிக்கு, மலையினிடம் இவ்வளவு விவேகமேனும் இருந்தது.

ஏலத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் போடியின் தலைவிதி அதனோடு பிணைந்திருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னேலம் நடக்கும் இரண்டே இடங்களில் ஒன்று கேரளத்துப் புற்றடி, மற்றொன்று நமது போடி. வெட்டவெளியில் வாழாதது ஏலச்செடி. உயர்ந்த மரங்களின் நிழலும், வடிகட்டி வந்த வெயிலும், ஈரம் மாறாத மண்ணும் அதற்கு வேண்டும். ஆகவே ஏலத்தோட்டம் என்பது, குறைபாடுகள் பல இருந்தும், பெருமரங்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் விவசாயம். 1897-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் ஏலமலையைக் காப்புப் பகுதியாக அறிவித்தபோதும், பிற்பாடு மரங்களின்மீது வனத்துறைக்கும் நிலத்தின்மீது வருவாய்த்துறைக்கும் அதிகாரம் பிரிந்து நின்றபோதும், அதன் அடிப்படைக் கருத்து இதுவாகவே இருந்தது: மரம் நிற்கட்டும், அதன் நிழலில் ஏலம் விளையட்டும். அந்தக் காப்புப் பகுதியின் விஸ்தீரணம் 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே இன்னும் முடியாத வழக்காக இருக்கிறது. ஓர் இலக்கத்தின் இருப்பிலும் இல்லாமையிலும் இரண்டு லட்சம் ஏக்கரின் பவிஷ்யம் தொங்குகிறது என்பதைக் காட்டிலும், கோடு இல்லாத நிலத்தின் துர்ப்பாக்கியத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

கேரளத்தின் 1964-ஆம் வருஷத்து நில ஒப்படைப்பு விதிகள், பட்டாவைப் பயிர்த்தொழிலுக்கும் குடியிருப்புக்கும் என்றே வழங்கின. அப்பட்டா நிலங்களில் விடுதிகள் எழுந்தபோது அரசாங்கம் சிலகாலம் பார்த்திருந்தது. பின்பு 2007-இல் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் காலத்தில் மூணாறில் இடிப்பு இயந்திரங்கள் இறங்கின. ஊர் ஆரவாரித்தது. ஆனால் அந்த இடிப்புகளில் சில சட்டப்படி நடந்தவையல்ல என்று 2014-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2023-இல் அதே மாநிலச் சட்டசபை, ஒப்படைப்பு நிலத்தில் வேறு உபயோகங்களுக்காக ஏற்கெனவே எழுந்த கட்டடங்களை முறைப்படுத்த இடமளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஏலமலைக் காப்புப் பகுதியில் புதிய பட்டா வழங்கவும் நிலத்தை வணிகத்துக்கு மாற்றவும் கூடாது என இடைக்கால உத்தரவிட்டது. இடிப்பதும், இடித்தது தவறென்பதும், கட்டியதை மன்னிப்பதும், கட்டாதே என்பதுமாக இங்ஙனம் மாறி மாறி வரும் ஆணைகளால் பாதிக்கப்படுகிறவன் யார்? தன் இரண்டு ஏக்கரில் ஏலம் போட்டு, அதன் ஓரத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்ள நினைக்கும் சிறு விவசாயிதான். பெரிய விடுதிக்காரருக்கு ஒவ்வோர் ஆணையின் சந்தும் வழியாகிறது. சிறியவருக்கு ஒவ்வோர் ஆணையும் சுவராகிறது. நெடியதுருத்தில் சட்டம் வலைக்காரர் பக்கம் நின்றதற்கும், ஏலமலையில் சட்டம் எவர் பக்கமும் உறுதியாக நில்லாததற்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

யானைகளின் கதையும் இதனோடு சேர்ந்தது. சின்னக்கானலிலும் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தின் கரைகளிலும் அவை தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்த தடங்களில், ஒருபுறம் அரசாங்கமே ஆதிவாசிக் குடும்பங்களைக் குடியேற்றியது. மறுபுறம் தோட்டங்களும் விடுதிகளும் நெருங்கின. அரிக்கொம்பன் என்று பெயர்பெற்ற ஆண் யானையை 2023 ஏப்ரல் இறுதியில் மயக்க ஊசியிட்டுப் பெரியாறு வனத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது நமது கம்பம் நகரத்து வீதிகளில் ஓடியது. ஜூன் மாதத் தொடக்கத்தில் மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு–முண்டந்துறை வனத்துக்கு அனுப்பப்பட்டது. மலைமேல் ஒரு நிலத்தின் உபயோகம் மாறினால் சமவெளியிலுள்ள வீதியில் ஜனங்கள் கதவடைத்துக்கொள்ள நேரும் என்பதைத் தேனி மாவட்டத்தார் கண்ணாரக் கண்டார்கள்.

விடுதிகள் வேலை தருகின்றனவே என்று ஆட்சேபிப்பவர்களின் வார்த்தையை நான் புறக்கணிக்கவில்லை. விலை ஏறியும் இறங்கியும் அலைக்கழிக்கும் ஏலக்காயை மட்டும் நம்பி ஒரு பிரதேசம் வாழமுடியாது. வெள்ளத்தால் விளைச்சல் கெட்டபின் 2019-இல் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை ஏலத்தில் ஏறியதும், பிற்பாடு அது சரிந்ததும் எல்லோரும் அறிந்ததே. ஜீப் ஓட்டுகிறவருக்கும் சமையல் செய்கிறவருக்கும் விருந்தினர் வருகை ஓர் ஆதாரந்தான். ஆனால் அந்த வில்லாவில் ஓரிரவுக்குக் கொடுக்கும் வாடகையையும், விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, நாள் முழுவதும் குனிந்து காய் எடுத்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்பும் பெண்ணின் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது, இந்த மலையின் அழகுக்கு வரும் விலையில் அதைப் பாதுகாத்தவர்களுக்கு எவ்வளவு சேர்கிறது என்ற கேள்வி எழாமல் இராது.

2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின்மேல் விழுந்து, எழுபது பேர் மாண்டார்கள். அனைவரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். பலருடைய பூர்விகம் கயத்தாற்றுச் சுற்று வட்டாரம். அந்தச் சரிவுக்கும் உல்லாச விடுதிகளுக்கும் காரண சம்பந்தம் கற்பிப்பது நியாயமாகாது. மலை தானாகவும் சரியும். நான் அதை நினைவூட்டுவது வேறொரு காரணத்தால். எந்தச் சரிவு அபாயமானது, எந்தச் சரிவு தாங்கும் என்று முன்கூட்டிக் கண்டு கோடிட்டு வைத்திருந்தால், விடுதிக்கு அனுமதி மறுப்பதற்கு மட்டுமல்ல, லயத்தை அங்கிருந்து அப்புறப்படுத்திப் பாதுகாப்பான இடத்தில் நல்ல வீடு கட்டித்தர வேண்டிய கடமையையும் அந்தக் கோடே சுட்டிக்காட்டியிருக்கும். தங்கள் உறவினரின் பிரேதங்களைத் தேடத் தாங்களே மண்ணைத் தோண்டிய அந்த ஜனங்களுக்கு நம் சட்டம் அவ்வளவேனும் கடன்பட்டிருக்கிறது.

நமது கிழக்குச் சரிவைப் பற்றியும் அசட்டையாக இருப்பதற்கில்லை. தமிழகத்தில் 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. பட்டியலில் உள்ள மலைக் கிராமங்களில் அதன் இசைவு வேண்டும் என்பது விதி. ஆனால் விதி கிராமத்தின் பெயரைக் கொண்டு பேசுகிறதே தவிர, நிலத்தின் சாய்வைக் கொண்டு பேசுவதில்லை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு ஜீப் ஏறுவதோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. வருகிறவர்களைக் கணக்கெடுப்பது ஒரு மாநிலம், விபத்து நேர்ந்தால் ஓடிவர வேண்டியது மற்றொரு மாநிலம் என்ற நிலை அங்கே இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல் பற்றி எரிந்து, மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்ட இளைஞர்களும் யுவதிகளும் உயிரிழந்த கொடுமையை நாம் மறந்துவிடலாகாது. அன்று அவர்களைக் காப்பாற்ற முதலில் ஓடியவர்கள் குரங்கணி கிராமத்தார்.

நான் வேண்டுவது இது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மலைப்பிரதேசங்களுக்கு நிலச்சரிவு அபாய வரைபடங்கள் தயாரித்திருக்கிறது. வனத்துறையிடம் யானைத் தடங்களின் விவரம் உண்டு. ஓடைகளோ வருவாய்த்துறைப் புலப்படங்களிலேயே இருக்கின்றன. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிலத்தின் சாய்வு இன்ன அளவுக்கு மேற்பட்டால், ஓடையிலிருந்து இன்ன தூரத்துக்குள் இருந்தால், சோலையையோ யானைத் தடத்தையோ தொட்டால், அங்கே வணிகக் கட்டடம் எதுவும் கூடாது என்று ஒரே கோட்டைத் தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் சேர்ந்து வரையவேண்டும். அதை ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், தமிழிலும் மலையாளத்திலும், சர்வே எண்ணோடு எழுதி ஒட்டவேண்டும். கோட்டுக்கு இப்பால் சிறு விவசாயி தன் வீட்டைப் பயமின்றிக் கட்டிக்கொள்ளட்டும். தங்குகிறவர்களுக்கு இடம் போடியிலே உண்டு: 2010-இல் நின்றுபோன ரயில் 2023 ஜூன் முதல் மீண்டும் சென்னையிலிருந்து வருகிறது; ஏலச் சந்தையும், காய் சலித்துத் தரம் பிரிக்கும் கூடங்களும், இலவம் பஞ்சுக் கிட்டங்கிகளும் எந்த விருந்தாளிக்கும் பார்க்கத் தகுந்தவை. இரவில் ஊரில் தங்கிப் பகலில் மலைக்குப் போய்வருவதனால் மேகமும் பள்ளத்தாக்கும் யாருக்கும் குறைந்துவிடாது. விடுதி வாடகையில் ஒரு பங்கு நகராட்சிக்கும் கடைக்காரருக்கும் வந்து சேரும்.

பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைப்பதை எதிர்த்து நம் பகுதி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து, 2022-இல் தமிழ்நாட்டு அரசாங்கமே அதை வேண்டாமென்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லும்படி செய்தார்கள். விஞ்ஞான விஷயத்தில் அவர்களுடைய அச்சங்களில் எது சரி, எது மிகை என்ற விவாதத்துக்குள் நான் இப்போது புகவில்லை. மலையைப் பற்றி முடிவு செய்கிறபோது மலையடிவாரத்தானைக் கேட்கவேண்டும் என்ற அவர்களுடைய வாதம் சரி. எல்லைக்கோடு வரையும் கூட்டத்திலும் அதிகாரிகளோடு கூட, காய் எடுக்கப் போகும் பெண்களில் சிலரும், கொட்டகுடிப் பக்கத்து முதுவர் குடிகளில் சிலரும், குரங்கணி கிராமத்தாரும், சூரியநெல்லி லயங்களிலிருந்து வருகிறவர்களும் ஆசனம் பெறவேண்டும். அடுத்த தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் அந்தக் கூட்டத்தை இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் கூட்ட வேண்டும். போடிமெட்டுச் சோதனைச் சாவடியருகே, இரு மாநிலத்தாரும் நடந்தே வந்து சேரக்கூடிய இடத்தில் அதை வைத்துக்கொள்வது உசிதம்.